மல்பெரி இலையில பிரச்சனையா? மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி செடியப் பார்த்துக் கண்டுபிடிக்கற வழி

உடுமலை, கோபி, தாளவாடி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, தேனினு எந்தப் பக்கம் மல்பெரி போட்டவங்களப் பார்த்தாலும் கேக்கறது ஒரே கேள்விதாங்க, "இலை சுருளுது, என்ன மருந்து அடிக்கலாம்?" இலை சுருள்றதுக்கு குறைஞ்சது நாலு காரணம் இருக்கு, நாலுக்கும் வைத்தியம் வேற வேற, அதுல ரெண்டுக்கு மருந்தே தேவையில்ல. தக்காளி, பருத்தினா தப்பா ஒரு மருந்து அடிச்சா காசு போச்சுனு விட்டுடலாம். மல்பெரியில நீங்க இலை மேல போடற எதுவா இருந்தாலும் கடைசியில புழு வாய்க்குத்தான் போகுது, பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான்ங்கறத மருந்து விக்கறவர் ஞாபகம் வெச்சுக்க மாட்டார், நாமதான் வெச்சுக்கணும்.

செடிகிட்டப் போனதும் மூணு விஷயம் பாருங்க. கெட்டிருக்கறது கொழுந்து இலையா அடி இலையா? இலையத் திருப்பினா அடிப்பக்கம் என்ன தெரியுது? கவாத்து பண்ணி எத்தன நாள் ஆச்சு? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பாதிக்கு மேல நோய் என்னனு பிடிச்சிடலாம். கையில ஒரு 10 மடங்கு லென்ஸ் வெச்சுக்கங்க, விலை கம்மிதான், ரொம்ப உதவும்.

கொழுந்து சுருண்டு, தடிச்சு, கரும்பச்சையா இருக்கு

கணுவுக்குக் கணு இடைவெளி குறைஞ்சு, நுனி இலையெல்லாம் ஒண்ணா கொத்தா சேர்ந்து, தண்டு சப்பையா வளைஞ்சிருந்தா அது டுக்ரா. வைரஸ்னு நினைச்சு செடியவே பிடுங்கறவங்க இருக்காங்க, வேண்டாங்க. சுருண்ட கொழுந்த மெதுவாப் பிரிச்சுப் பாருங்க, உள்ள பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கும், அத நகத்தால நசுக்கினா இளஞ்சிவப்பா நீர் வரும். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி அது. சாறு உறிஞ்சறப்ப அது விடற எச்சில்தான் கொழுந்த இப்படி முறுக்குது, பூச்சி போச்சுனா அதுக்கப்புறம் வர்ற தளிர் நேரா வரும். வெயில் காலத்துல இது ஜாஸ்தி.

செய்ய வேண்டியது: சுருண்ட நுனிய கத்திரிச்சு அங்கயே ஒரு பாலிதீன் பையில போட்டுக் கட்டிட்டு, வெளிய கொண்டுவந்து எரிங்க. வெட்டினத வரப்புல வீசினா பூச்சி நடந்தே திரும்பி வந்துடும், எறும்பு வேற தூக்கிட்டு வரும், அதுக்கு அந்தத் தித்திப்புக் கழிவு வேணும். வரப்போரம் செம்பருத்தி, வெண்டை இருந்தா அதயும் பாருங்க, இதே பூச்சி அங்கயும் குடியிருக்கும். அப்புறம் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வாங்கி ஏக்கருக்கு 250 விடலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவ. அந்த வண்டோட குஞ்சுப்புழு வெள்ள மெழுகு நூலாத் தொங்கிக்கிட்டு, பாக்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், ஆனா பெருசா, வேகமா ஓடும். அத மாவுப்பூச்சினு நினைச்சு நசுக்கிடாதீங்க, மருந்தும் அடிச்சிடாதீங்க.

கொழுந்து சுருளுது, ஆனா உள்ள பூச்சியே தெரியல

இலை குறுகி, விளிம்பு கீழ்ப்பக்கமா மடங்கி, அடிப்பக்கம் வெண்கல நிறமா மினுங்கி, தொட்டா மொடமொடனு இருந்தா அகலச் சிலந்திப்பேன் வேலை. மிளகாய்ல இலை கீழ மடங்கற நோய் தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும், அதே பேன்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ்லகூட பொறுமையாப் பாக்கணும். இதுக்குப் பூச்சிமருந்து அடிச்சா நல்லது பண்ற பூச்சிதான் சாகும், பேன் இன்னும் பெருகும். கவாத்து பண்ணி 15, 20 நாள்ல நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், இலையோட அடியில படற மாதிரி அடிங்க, உச்சி வெயில்ல மட்டும் அடிக்காதீங்க, இலை கருகும்.

அடிப்பக்கம் வெள்ளையா கோடு கோடா இழுத்து, அப்புறம் அது பழுப்புத் திட்டாகி, இலை சுரசுரனு காஞ்சா இலைப்பேன். வறட்சி வந்தா இதுவும் வரும். ஸ்பிரிங்ளரோ ஹோஸ் பைப்போ வெச்சு இலைக்கு அடியில தண்ணிய பீச்சியடிச்சா நிறைய கழண்டு விழுந்துடும், இத செஞ்சு பாக்காம யாரும் மருந்துக்குப் போகாதீங்க. இலை விளிம்புல இருந்து பழுப்பேறி கிண்ணம் மாதிரி மேல்நோக்கி வளைஞ்சா தத்துப்பூச்சி.

இதுல எதுவும் இல்லாம, இலை நாடா மாதிரி ஒல்லியா, கொத்துக் கொத்தா, நரம்பு நெருங்கி வந்திருந்தா களைக்கொல்லிய சந்தேகப்படுங்க. பக்கத்துக் காட்டுல அடிச்சது காத்துல வந்திருக்கும், இல்ல களைக்கொல்லி அடிச்ச டேங்க்லயே மத்ததும் அடிச்சிருப்பீங்க. மல்பெரிக்குனு ஒரு ஸ்ப்ரேயர் தனியா வெச்சுக்கறது ரொம்ப முக்கியங்க.

செடி பூராவும் வெள்ளையா மாவு, இலையெல்லாம் பிசுபிசுனு, கீழ கருப்புப் படலம்

இது பப்பாளி மாவுப்பூச்சி. நசுக்கினா மஞ்சளா நீர் வரும், டுக்ராவுக்கும் இதுக்கும் அதான் சுலபமான வித்தியாசம். நுனியோட நிக்காம தண்டு, அடியிலை எல்லாம் ஏறிடும், அது விடற தித்திப்பு மேல கரும்பூஞ்சை படரும்.

பழைய ஆளுங்களுக்கு இந்தப் பேரக் கேட்டாலே பகீர்னு இருக்கும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி, 2008ல கோயம்புத்தூர்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, ரெண்டே வருஷத்துல பப்பாளி, மரவள்ளி, மல்பெரினு கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கமெல்லாம் காடு காடா வெளுத்துப் போச்சு. எந்த மருந்து அடிச்சாலும் மெழுகு மேல பட்டு வழிஞ்சுடுச்சு, மல்பெரியப் பிடுங்கிட்டு வேற வெள்ளாமைக்குப் போனவங்க நிறையப் பேர். 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து 3 வகை ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்தாங்க, பெங்களூர்ல இருக்கற வேளாண் பூச்சி நிறுவனம் வளர்த்துக் குடுத்துச்சு, நம்ம வேளாண் பல்கலைக்கழகமும் மத்திய பட்டு வாரியமும் ஊர் ஊரா விட்டாங்க. அதுல அசிரோஃபேகஸ் பப்பாயேங்கற ஒரு குளவி, கொசுவ விடச் சின்னது, சில மாசத்துல பூச்சியக் கட்டுக்குள்ள கொண்டுவந்துடுச்சு. இன்னிக்கும் அது நம்ம காட்டுலயே இருக்கு, நமக்காக வேலை பாத்துட்டு இருக்கு. அதனால மாவு தெரிஞ்சதும் லென்ஸ் வெச்சுப் பாருங்க, பழுப்பா உப்பி, ஒரு சின்ன ஓட்டையோட காஞ்ச கூடா நிறைய இருந்தா குளவி வந்திருச்சுனு அர்த்தம், அப்ப மருந்தடிச்சா குளவிதான் முதல்ல சாகும். வரப்புல பார்த்தீனியம் இருந்தா பிடுங்குங்க, இந்தப் பூச்சி அதுல தங்கும்.

நுனி இலை பட்டு நூலால ஒட்டிக்கிட்டு, கொழுந்து மேஞ்சு போயிருக்கு

இலைச்சுருட்டுப்புழு. ஒட்டின இலையப் பிரிச்சா உள்ள பச்சப் புழு துள்ளும், கீழ கருப்பா எச்சம் கிடக்கும். மழ ஆரம்பிச்சதுல இருந்து பனிக்காலம் வரைக்கும் இதோட ஆட்டம், செப்டம்பர், அக்டோபர்ல உச்சம். ஒட்டின நுனியக் கிள்ளி எரிக்கறது, கவாத்து முடிஞ்சதும் நல்லா உழுது தண்ணி கட்டி மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழுவக் கொல்றது, விளக்குப் பொறி வெக்கறது, அந்துப்பூச்சி முட்டைய அழிக்கற டிரைக்கோகிரம்மா குளவி அட்டை கட்டறது, இதெல்லாம் சேர்ந்து செஞ்சாத்தான் கேக்கும். ஒரு காட்டுக்காரர் மட்டும் செஞ்சு பிரயோஜனம் குறைவு, அந்துப்பூச்சி பறந்து வரும், பக்கத்துல இருக்கறவங்களயும் சேர்த்துக்கங்க.

இந்த இடத்துலதான் ஒரு பெரிய ஆபத்து இருக்குங்க. புழுவுக்கு மருந்துனு கடையில கேட்டா, "இயற்கை மருந்துதான், தைரியமா அடிங்க"னு பிடி பாக்டீரியா, அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், இல்லனா பவேரியா பேசியானாங்கற பூஞ்சை எடுத்துக் குடுப்பாங்க. மல்பெரியில இந்த ரெண்டும் கூடவே கூடாது. அந்த பாக்டீரியாவ உலகத்துல முதல்ல பிரிச்செடுத்ததே செத்த பட்டுப்புழுவுல இருந்துதான், 1901ல ஜப்பான்ல இஷிவாட்டானு ஒரு விஞ்ஞானி. பவேரியாவும் அப்படித்தான், இத்தாலியில அகோஸ்டினோ பாஸினு ஒருத்தர் 1835ல பட்டுப்புழு சுண்ணாம்பா வெளுத்து சாகற நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம்னு நிரூபிச்சார், அந்தப் பூஞ்சைக்குத்தான் அவரு பேர வெச்சாங்க. மழை, பனி நாள்ல புழு விறைச்சு வெள்ளையா சாக்பீஸாகுமே, சுண்ணக்கட்டி நோய், அது இதுதான். தென்னைக்கு, வாழைக்குனு பக்கத்துக் காட்டுல இத அடிச்சாங்கனா அந்தப் பக்கத்து வரிசை இலைய அந்த பேட்ச்சுக்கு வெட்டாதீங்க.

இன்னொண்ணு, வீட்டுல பழைய துண்டுப் பிரசுரம் இருந்தா அதுல டுக்ராவுக்கும் இலைச்சுருட்டுக்கும் டைக்குளோர்வாஸ்னு ஒரு பூச்சிமருந்து போட்டிருக்கும். 2020 டிசம்பர் 31ஓட அது இந்தியா முழுக்கத் தடை. யாராவது பழைய ஸ்டாக் குடுத்தா வாங்காதீங்க. கட்டாயம் ஏதாவது அடிச்சே ஆகணும்னா அசாடிராக்டின் 0.03 சதவீத வேப்ப மருந்து லிட்டருக்கு 5 மில்லி, கவாத்து பண்ணி 20 நாளுக்குள்ள. அடிச்சு 10 நாளாவது தாண்டித்தான் இலைய வெட்டணும், நான் 15 நாள்னுதான் சொல்லுவேன். வெட்டறதுக்கு முன்னாடி நாள் அந்த இலையில கொஞ்சம் எடுத்துத் தனியா ஒரு தட்டுல ஒரு கை புழுவுக்குப் போட்டு மறுநாள் வரைக்கும் பாருங்க, நல்லா மேஞ்சு நல்லா இருந்தா அப்புறம் மொத்தத்துக்கும் போடுங்க.

இலையில புள்ளி, பொடி, துரு

இங்கதான் நாள் கணக்கு உதவும். இலைக்கு அடியில வெள்ளப் பொடித் திட்டு, அதுக்கு நேர் மேல்பக்கம் மஞ்சள்னா சாம்பல் நோய், ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும். பழுப்பா ஒழுங்கில்லாத புள்ளி, நடுவுல காஞ்சு ஓட்டையாகுதுனா இலைப்புள்ளி, மழைக்காலத்துல கவாத்துக்கப்புறம் 35, 40 நாள்ல ஆரம்பிச்சு 70 நாள்ல முத்திடும். ஊசிமுனை அளவுல பழுப்புக் கொப்புளம், கையில தேய்ச்சா துரு ஒட்டுதுனா துரு நோய், முத்தின இலையிலதான் வரும்.

மூணுக்கும் முதல் காரணம் நெருக்கமும் தாமதமும். இணை வரிசை நடவுல 3 அடி, 5 அடினு மாத்தி மாத்தி விட்டு செடிக்குச் செடி 2 அடி வெக்கச் சொல்றது டிராக்டர் போறதுக்கு மட்டும் இல்ல, காத்தும் வெயிலும் உள்ள போகணும். இலை முத்திக் கெடக்கற மாதிரி விடாம நேரத்துக்கு வெட்டிட்டா துரு பாதி குறையும். பட்டுப்புழு முட்டைத் தொகுதிக்கு ஆர்டர் குடுக்கற தேதியும் கவாத்துத் தேதியும் ஒத்துப்போகாததாலதான் நிறைய காட்டுல இலை காத்துக் கெடந்து நோய் வாங்குது. மலைப்பகுதி, பனி ஜாஸ்தியான இடம்னா எம்ஆர்2 ரகம் சாம்பல் நோயத் தாங்கும். சமவெளியில வி1தான் ராஜா, விளைச்சலும் ஈரப்பதமும் அதுல வர்ற மாதிரி மத்ததுல வராது. நோய் இலைய வயசான புழுவுக்குப் போட்டா என்னனு கேப்பீங்க, சாகாது, ஆனா சத்து, ஈரம் ரெண்டும் கம்மி, கூடு எடை குறையும்.

இலை மஞ்சளாகுது

கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து. சுண்ணாம்பு ஜாஸ்தியான மண்ணுல இது சகஜம், மண்ணுல இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், லிட்டருக்கு 5 கிராம், கூட சிட்ரிக் ஆசிட் 1 கிராம், இலைவழியா குடுங்க. அடி இலை முழுசா வெளுத்தா தழைச்சத்து, அடி இலையில நரம்புக்கு நடுவுல மட்டும் மஞ்சள்னா மெக்னீசியம், அடி இலை விளிம்பு கருகினா சாம்பல் சத்து. வி1க்கு வருஷத்துக்கு ஏக்கருக்கு 140 கிலோ தழை, 56 கிலோ மணி, 56 கிலோ சாம்பல் சத்து, அத அஞ்சு வெட்டுக்கும் பிரிச்சுக் குடுக்கணும், தொழு உரம் 8 டன். யூரியா மட்டும் போட்டு இலையக் கரும்பச்சையா வளர்க்கறவங்க இருக்காங்க, அந்த இலை தளதளனு தண்ணியா இருக்கும், புழுவுக்கு நோய் வர வழி.

சத்தெல்லாம் குடுத்தும் அங்கங்க திட்டுத் திட்டா செடி குட்டையா, மஞ்சளா நின்னா ஒரு செடியத் தோண்டிப் பாருங்க. வேர்ல மணி கோத்த மாதிரி முடிச்சு இருந்தா நூற்புழு. செம்மண், மணல் கலந்த நிலத்துல, தண்ணி பாயற இடத்துல வரும். வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு வருஷம் 800 கிலோ, நாலு தடவையாப் பிரிச்சு வேர்ப்பக்கம் போட்டு மண் அணைங்க. ஊடால துலுக்க சாமந்தி போடலாம், தக்காளி, கத்திரி, வெண்டை ஊடுபயிரா வேண்டவே வேண்டாம், அதெல்லாம் நூற்புழுவுக்கு விருந்து. புது நாத்து வாங்கறப்ப வேரப் பாக்காம வாங்காதீங்க.

நல்லா நின்ன செடி திடீர்னு வாடிடுச்சு, கவாத்துக்கப்புறம் துளிர்க்கல

எனக்கு ரொம்பப் பயமா இருக்கற அறிகுறி இதுதாங்க, மத்ததெல்லாம் ஒரு வெட்டோட போயிடும், இது தோட்டத்தையே கொண்டு போயிடும். வேரழுகல். அடியில இருந்து இலை உதிரும், கவாத்து பண்ணினா துளிராது, இல்லனா சின்னச் சின்னதா மஞ்சளா ரெண்டு துளிர் வந்து அதுவும் கருகும். செடிய இழுத்தா சுலபமா வந்துடும், வேர்ப்பட்டை கையோட உரிஞ்சு வரும், உள்ள கருப்பா பொடி, கெட்ட வாடை. மண்ணுல இருக்கற பல பூஞ்சைங்க சேர்ந்து செய்யற வேலை, தொழு உரம் குறைஞ்சு, வேர் அடிபட்டு, வறண்டு நனைஞ்சு கிடக்கற நிலத்துல வேகமாப் பரவும்.

செத்த செடிய வேரோட தோண்டி எடுத்து அங்கயே எரிங்க, குழிய வெயில்ல காயவிடுங்க. அந்தக் குழியில இருந்து தண்ணி அடுத்த செடிக்கு ஓடாத மாதிரி வாய்க்கால மாத்துங்க. நல்லா மக்கின தொழு உரத்துல டிரைக்கோடெர்மாங்கற நல்லது பண்ற பூஞ்சையக் கலந்து, லேசா ஈரமா ஒரு வாரம் நிழல்ல மூடி வெச்சு, சுத்தி இருக்கற செடிக்கு அரைக்கிலோ வேர்ப்பக்கம் வைங்க. மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் இதுக்குனு நவின்யானு ஒரு மருந்து கொண்டு வந்திருக்காங்க, உங்க பட்டு வளர்ச்சித் துறை ஆய்வாளர்கிட்ட அளவு கேட்டு வாங்கிக்கங்க. கவாத்துக்கு மொட்ட அருவா வேண்டாம். அடிமரம் பிளந்து பட்டை உரிஞ்சா அந்தக் காயத்து வழியா பூஞ்சை நுழையும், கூர்மையான ரம்பமோ கவாத்துக் கத்திரியோ வெச்சு ஒரே சீரா வெட்டுங்க.

செடி நல்லாத்தான் இருக்கு, ஆனா புழுவுக்கு என்னமோ ஆகுது

புழு தலையத் தூக்கி ஆட்டுது, பச்சையா கக்குது, சுருண்டு விழுதுனா இலையில விஷம். உடனே அந்த இலைய எடுத்துடுங்க, காத்தோட்டம் விடுங்க, வேற பக்கத்து இலைய வெட்டிப் போடுங்க. பக்கத்துல புகையிலை இருந்தா அதோட நிக்கோட்டின் மல்பெரி இலையில படிஞ்சாலும் இப்படி ஆகும்.

இன்னொரு அறிகுறி புதுசா இருக்கும். புழுவோட கடைசிப் பருவமான அஞ்சாம் பருவம் முடிய வேண்டிய நாள்ல முடியாம, புழு தின்னுக்கிட்டே பெருசாகிட்டே போகும், கூடு மட்டும் கட்டாது. இது நோய் மாதிரி தெரியாது, புழு பாக்க ஜம்முனு இருக்கும். வெள்ளை ஈக்கு அடிக்கற பைரிப்ராக்சிஃபென் மருந்து காத்துல வந்து இலையில படிஞ்சா இப்படி ஆகும். பூச்சி உடம்புல இளமைய நீட்டிக்கற ஹார்மோன் ஒண்ணு இருக்கு, இந்த மருந்து அதப் போலவே வேலை செய்யுது, ரொம்பக் கொஞ்சம் பட்டாலே போதும். மொத்த இலையில 80 சதவீதத்துக்கு மேல இந்தக் கடைசிப் பருவத்துலதான் போகுது, அத்தனையும் போட்டு முடிச்சப்புறம் கூடு இல்லனா அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பக்கத்துக் காட்டு அண்ணன்கிட்ட முன்கூட்டியே போய், "அண்ணா, மருந்தடிக்கற அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்க"னு சொல்லி வைங்க. எல்லையோரம் அகத்தியோ சவுக்கோ நெருக்கமா ரெண்டு வரிசை உயிர்வேலி போடுங்க.

வீட்டு மரம் காய்க்கல

பட்டுக்கு இல்லாம பழத்துக்கு ஒரு மரம் வெச்சிருக்கவங்களுக்கு. மல்பெரியில ஆண் மரம், பெண் மரம் பெரும்பாலும் தனித்தனி. பூங்கொத்து தொங்கி, மஞ்சளா பொடி விட்டு உதிர்ந்துட்டே இருந்தா அது ஆண், அது என்னிக்கும் காய்க்காது. அந்தப் பூவோட மகரந்தக் காம்பு வில்லா வளைஞ்சு 25 மைக்ரோசெகண்ட்ல விசிறியடிக்கும், ஒலி வேகத்துல பாதிக்கு மேல, செடிங்க உலகத்துல அளந்த அசைவுகள்லயே மிக வேகமானதுல ஒண்ணு. ஆஸ்துமா இருக்கறவங்க வீட்டு ஜன்னலோரம் ஆண் மரம் வேண்டாம்.

பெண் மரம்தான், ஆனா இலையா வளருதுனா கவாத்து பண்ணுங்க. பழம் புதுத் தளிர்லதான் வரும், கிளைய வெட்டி, மிச்ச இலைய உருவிட்டு, தொழு உரம் வெச்சுத் தண்ணி விட்டா துளிரோடயே காய் வந்துடும். நிழல்ல வெச்சா காய்க்காது. மகரந்தம் இல்லாமலே பல ரகம் காய் பிடிக்கும், அதனால பக்கத்துல ஆண் மரம் தேடி அலைய வேண்டாம். சிவப்பா இருக்கறப்ப பறிச்சா புளிக்கும், கருத்து, தொட்டதும் கையோட வந்தாத்தான் பழம். காலையில வெயிலுக்கு முன்னாடி பறிங்க, அன்னிக்கே சாப்பிட்டுடணும், ஃபிரிட்ஜ்ல வெச்சாலும் ரொம்ப நாள் தாங்காது. பச்சக் காயையும் மரத்துல வடியற பாலையும் பிள்ளைங்க வாயில வெக்காமப் பாத்துக்கங்க, வயித்தக் கலக்கும். புதுசா நடறதுக்கு, காய்ச்ச பெண் மரத்துல இருந்தே பென்சில் கனத்துல, மூணு நாலு பருவோட, அதாவது துளிர் வர்ற மொட்டோட, ஒரு குச்சி வெட்டி, ஒரு பரு மேல தெரியற மாதிரி சாய்ச்சு நட்டு நிழல்ல வைங்க, தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும்.